ஏற்றமரத்தில் பெரிய கங்காணி

பெரிய கங்காணி நல்லையா கார் வாங்கியதைத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் மன்னிக்கவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. கங்காணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் சாய்ந்து உட்காரத் தெரியும். அது போதும் என்று வாங்கிவிட்டார். ஓட்டுவதற்குப் பதுளையிலிருந்து ஹுமைத் என்ற டிரைவரை வைத்துக்கொண்டார். ஹுமைத் ஒல்லியான ஆள். வாய் மட்டும் பெரியது.

கார் வந்த நாளிலிருந்தே ஒரு சங்கடம் இருந்தது. என்ஜின் ஓடத் தொடங்கினால் கார் முழுவதும் உதறும். கங்காணியின் தலைப்பாகை கண் வரைக்கும் இறங்கிவிடும். கடுக்கன் ஆடும். வெற்றிலை போட்டிருந்தால் சாறு கோட்டில் தெறிக்கும். "கங்காணி கார்ல போறாரா, காச்சல்ல போறாரா" என்று கூலியாட்களின் லயத்தில் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் தோட்டத்துத் துரையின் பங்களா வந்ததும் அவர் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போவார். கார் காலியாகப் பின்னால் வரும். பங்களாவைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வார். துரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் முப்பது வருஷமாகக் காத்துவந்த ஒரே விரதம்.

உதறலுக்குக் காரணத்தை ஹுமைத் கண்டுபிடித்துச் சொன்னான். என்ஜினுக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகள்தான் காரின் சட்டத்தில் உட்கார்ந்து என்ஜினைத் தாங்குகின்றன. காதுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மரக்கட்டையும் தோலும் வைத்துப் போல்ட் முடுக்கியிருக்கும். கட்டை உளுத்து, தோல் நைந்து, என்ஜின் இப்போது சட்டத்தின்மேல் குதித்துக்கொண்டிருந்தது.

"கட்டையை மாத்திட்டாப் போச்சு" என்றார் கங்காணி.

"மாத்தலாம். மாத்துற வரைக்கும் என்ஜின யாரு புடிச்சிக்கிட்டு நிப்பா?" என்றான் ஹுமைத்.

பெரகலயில் ஒரு கடைக்காரர் உதவி செய்வதாகச் சொல்லி, என்ஜினுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கிப் பார்த்தார். அடியில் இருந்தது எண்ணெய்ச் சட்டி. அது வெறும் தகரம். ஜாக்கி ஏறியது, என்ஜின் ஏறவில்லை, சட்டி நசுங்கியது. அதைத் தட்டி நிமிர்த்துவதற்குள் ஹுமைத்துக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"இனிமே கீழேருந்து மட்டும் முட்டுக் குடுக்குற வேலையே வேணாம் கங்காணியாரே" என்றான். "மேலேருந்து சங்கிலி போட்டுத் தொங்க விடணும். கீழ அகலப் பலகையை வச்சு அதுக்கும் கீழ கட்டை அடுக்கணும். ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு தாங்கணும். அப்பத்தான் நான் கைய உள்ள உடுவேன். அல்லா எனக்குக் குடுத்தது பத்து வெரலுதான்."

மேலே தொங்கவிட வலுவான விட்டம் வேண்டும். தோட்டத்தில் அப்படியொரு விட்டம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் இருந்தது. மடுவம் தோட்டத்தின் சொத்து. துரையைக் கேட்காமல் அங்கே ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. கங்காணி கேட்கவில்லை. துரை அப்புத்தளையில் பந்தாடப் போகும் நாளாகப் பார்த்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து மடுவத்துக்குள் நிறுத்தச் சொன்னார். மத்தியானம் பெண்கள் கொழுந்து நிறுக்க வருவதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

என்ஜினைத் தூக்குவதற்கு அவரே ஒரு வழியும் சொன்னார். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர். ஊரில் கிணற்றுக்கு ஏற்றம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர். கூரைக்கு வெட்டி வைத்திருந்த நீளமான சவுக்கு மரத்தை விட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார்கள். குட்டையான முனை காருக்கு மேலே. நீளமான முனை மடுவத்து வாசலுக்கு வெளியே. குட்டை முனையிலிருந்து இன்னொரு சங்கிலி இறங்கி என்ஜினைக் கட்டிப்பிடித்தது. நீள முனையில் பாரம் ஏற்றினால் என்ஜின் எழும்பும். ஹுமைத் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தான். சங்கிலி குழாய்களிலும் தகரத்திலும் படாமல் இரும்பில் மட்டும் பிடிக்கும்படி இடம் பார்த்துப் பார்த்துக் கட்டினான். ஏற்றத்தைப் பற்றி மட்டும் குறை சொல்லவில்லை. அதிலேயே கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி பாரத்தை ஏத்தி, அந்த முனையைக் கயித்துல முளைக்குச்சியோட கட்டிப்புட்டு, கீழ கட்டை அடுக்கிட்டா வேலையை ஆரம்பிக்கலாம்" என்றான் ஹுமைத்.

கயிறும் கீழே அடுக்கும் கட்டையும் வாங்கிவர அழகர் ஃபேக்டரித் தச்சனிடம் போயிருந்தான். கங்காணி வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவன். போனவன் போனவன்தான். வெயில் ஏறியது. கங்காணி சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"அவன் வந்து, கட்டி, அடுக்கி, எப்ப முடியிறது? நான் ஏறி உக்காந்துக்கிறேன். என்னவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒனக்கு எங்க கெடைக்கும்?"

தோட்டத்தில் பாதிப் பேர் பல வருஷமாகச் சொல்லிவந்ததும் இதுதான். ஹுமைத் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மறுத்துப் பார்த்தான்.

"உக்காந்தா நடுவுல எறங்க முடியாது கங்காணியாரே. நீங்க எறங்குனா என்ஜினும் எறங்கும். என் கை உள்ள இருக்கும்."

"நான் எதுக்கு எறங்கப் போறேன்?"

கொழுந்து நிறுக்கும் முக்காலியில் ஏறி, மடுவத்துத் தூணைப் பிடித்து, ஹுமைத்தின் தோளில் ஒரு மிதி மிதித்து, கங்காணி சவுக்கு மரத்தின் நீள முனையில் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். மரம் முனகிக்கொண்டே தாழ்ந்தது. மறுமுனையில் என்ஜின் விரல்கடை உயரம் எழும்பி நின்றது. வெறும் உடம்பை வைத்து இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டதில் அவருக்கே வியப்பு. கோட்டைச் சரி செய்துகொண்டார். கால்கள் இரண்டும் காற்றில் தொங்கின.

ஹுமைத் முன்பே தளர்த்தி வைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை மேலே விட்டான். ஒரு பக்கத்துப் பழைய கட்டை தூளாகக் கொட்டியது. முன்பே செதுக்கி வைத்திருந்த புதுக் கட்டையும் தோலும் உள்ளே போயின. "ஒரு காது முடிஞ்சுது" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. கங்காணி பெருமூச்சு விட்டார். "மூச்சு விடாதீங்க, ஆடுது" என்றும் சத்தம் வந்தது.

அப்போதுதான் பெண்கள் வந்தார்கள். அன்றைக்குக் கொழுந்து கொழித்திருந்ததால் கூடைகள் சீக்கிரமே நிறைந்துவிட்டன. மலையிலிருந்து வரிசையாக இறங்கி வந்தவர்கள், மடுவத்து வாசலில் பெரிய கங்காணி கொம்பில் குந்திய கோட்டான் மாதிரி இருப்பதைப் பார்த்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பாக்கியலெட்சுமி. கங்காணியின் மாட்டுக்கொட்டிலுக்குக் கீழே உள்ள லயத்தில் குடியிருப்பவள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எறங்கி வரமாட்டீங்களாய்யா?"

"வேலை நடக்குது. கூடைய அந்தப் பக்கம் வச்சுட்டு ஒக்காருங்க."

"எறங்கவே முடியாதுங்களா?"

"இப்ப முடியாது."

பாக்கியலெட்சுமிக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாளாக அவள் எது சொல்லப் போனாலும் அவர் "பாப்போம்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போது நடக்க வழியில்லை.

"ஒங்க கொட்டில்லேருந்து சாணித் தண்ணி நேரா என் வாசலுக்கு வருதுங்க. மழை பேஞ்சா அடுப்படிக்கே வருது. எத்தனை தரம் சொல்லிட்டேன்."

"பாப்போம்."

"இப்பவே பாருங்களேன். ஒசரத்துலதானே இருக்கீங்க. அங்கேருந்து நல்லாத் தெரியும்."

பின்னால் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கங்காணி வேறு எங்கோ பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில்தான் கொட்டில் இருந்தது. பச்சையாக ஒரு கோடு கொட்டிலிலிருந்து கிளம்பி, வேறெங்கும் போகாமல், பாக்கியலெட்சுமியின் வாசலில் போய் முடிந்தது. தரையில் நடக்கும்போது அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"சரி சரி. நாளைக்கி அழகர உட்டு வாய்க்கா வெட்டித் திருப்பச் சொல்றேன்" என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல" என்றாள் பாக்கியலெட்சுமி மற்றவர்களிடம்.

அதைப் பார்த்து இன்னும் இருவர் கூடையை இறக்கிவிட்டு முன்னே வந்தார்கள். ஒருத்தி கூரைத் தகரம் ஒழுகுவதைச் சொன்னாள். இன்னொருத்தி, சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் இப்படி ஒரு வசதி மறுபடி கிடைக்காது என்று, அவருடைய கணக்கப்பிள்ளை தன் புருஷனைத் திட்டியதைப் பற்றிச் சாவகாசமாகச் சொன்னாள். அவர் கால் பெருவிரலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தார். அட்டை. தட்டிவிடக் காலை ஆட்டினார். "ஆடாதீங்க" என்று ஹுமைத் கத்தினான். அட்டைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நிம்மதியாக விரலிடுக்கில் அமர்ந்தது.

"இந்தப் பக்கம் கட்டை நுழைய மாட்டேங்குது. இன்னும் ஒரு நூல் எழும்பணும்" என்றான் ஹுமைத். "கொஞ்சம் கனமா உக்காருங்க கங்காணியாரே."

"இதுக்கு மேல எப்படிய்யா கனமா உக்கார்றது?"

அந்த நேரத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அப்புத்தளையில் பனி இறங்கி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய், ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். துரை திரும்பி வந்துவிட்டார்.

துரை குட்டையானவர், சிவந்த முகம். குதிரையிலிருந்து இறங்கி நின்றார். பெண்கள் ஒதுங்கினார்கள். கங்காணி அவசரமாகத் தலைப்பாகையை எடுத்தார். கீழே இறங்குவதற்காக உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மரம் கிறீச்சிட்டது. காரின் அடியிலிருந்து ஹுமைத் அலறினான்: "அசையாதீங்க, ரெண்டு கையும் உள்ள இருக்கு."

கங்காணி அப்படியே நின்றுபோனார்; உட்கார்ந்தபடி.

"கங்காணி. என்னா இது?" என்றார் துரை.

"கும்புடுறேங்க தொர."

"கீழே எறங்கு."

முப்பது வருஷத்தில் அவர் துரைக்கு முன்னால் ஒருமுறைகூட முதுகை நிமிர்த்தியது கிடையாது. இப்போது துரையின் தொப்பி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. குதித்துவிடலாமா என்று பார்த்தார். குதித்தால் எல்லாம் சரியாகிவிடும், சலாம் போட்டுவிடலாம், ஹுமைத்துக்கு வேறு வேலை தேடிக் கொடுக்கலாம். விரல் இல்லாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற இடத்தில் யோசனை முட்டிக்கொண்டது. கார்ப் பக்கம் பார்த்தார். என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எண்ணெய் படிந்த நான்கு விரல்கள் தெரிந்தன. அவை கட்டையை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

"முடியாதுங்க தொர" என்றார்.

அதைச் சொன்னது இரக்கத்தினாலா, பயத்தினாலா, இரண்டு காலும் மரத்துப் போனதினாலா என்று அவருக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டார். முடியாது என்ற சொல்லைத் துரை தமிழ் படித்தபோதே கற்றிருந்தார். ஆனால் அது தாம் சொல்வதற்காக மட்டும் உள்ள சொல் என்று நினைத்திருந்தார்.

"என்னா சொன்னே?"

"கீழ ஆள் இருக்குங்க. நான் எறங்குனா..."

துரை மீதியைக் கேட்கவில்லை. குதிரைச் சவுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கங்காணியின் வலது காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

கங்காணி தொடைகளால் மரத்தைக் கவ்விக்கொண்டார். அதனால் கங்காணி இறங்கவில்லை; மரம்தான் இறங்கியது. மறுமுனையில் என்ஜின் இன்னும் ஒரு நூல் எழும்பியது.

"ஆ, அப்புடித்தான்" என்று, கட்டையோடு மல்லுக்கட்டியதில் வெளியே நடந்த பேச்சைக் காதில் வாங்காத ஹுமைத்தின் சத்தம் அடியிலிருந்து சந்தோஷமாக வந்தது. "அழகரு, வந்துட்டியா? இப்பவாவது வந்தியே மூதேவி. அப்புடியே இழுத்துப் புடிச்சிக்கிட்டு நில்லு. கட்டை பாதி போயிருச்சு. உட்டுறாத, உட்டா என் வெரலு நசுங்கிப் போயிரும்."

துரையின் கை தளரப் பார்த்தது. கங்காணி கார்ப் பக்கம் கண்ணைக் காட்டினார். துரையும் அந்த நான்கு விரல்களைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கோபக்காரர், அவ்வளவுதான். கையை எடுக்கவில்லை.

ஆகவே பெரிய கங்காணி மேலே உட்கார்ந்திருந்தார். பெரிய துரை கீழே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். குதிரையும் பார்த்தது. துரை எதிரே இருந்த தேயிலைச் செடியையே வெறித்துப் பார்த்தார். கங்காணி ஆகாயத்தைப் பார்த்தார். துரையின் கை சூடாக இருப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் அட்டை, இந்த விரலில் குடித்தது போதும் என்று முடிவு செய்து, மெல்ல நகர்ந்து துரையின் மணிக்கட்டில் ஏறியது. துரை அதைக் கண்டார். கையை உதற முடியவில்லை. தம் மொழியில் ஏதோ சொன்னார். அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

"நல்லாப் புடி. நீ என்ன சோறு திங்கறியா, இல்ல மண்ணத் திங்கறியா?" என்றான் ஹுமைத்.

பாக்கியலெட்சுமி இடுப்புப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ஒரு விரலால் தொட்டு, துரையின் மணிக்கட்டில் தடவினாள். அட்டை சுருண்டு விழுந்தது. "தேங்க் யூ" என்றார் துரை. அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒருத்தியிடம் ஒரு துரை அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. பதிலுக்கு அவள் கங்காணியின் காலிலும் கொஞ்சம் தடவிவிட்டாள்.

ஸ்பேனர் சுற்றும் ஓசை கேட்டது. "போல்ட்டு முடுக்கியாச்சு" என்றான் ஹுமைத். "பொசுக்குன்னு உடாத. மெல்ல, மெல்ல எறக்கு." துரை மெல்லக் கையைத் தளர்த்தினார். என்ஜின் புதுக் கட்டைகளின்மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஹுமைத் முதுகால் ஊர்ந்து வெளியே வந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டவை இரண்டு பூட்ஸ்கள்.

"அழகரு பூட்ஸ் எப்ப வாங்குனான்?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான். பிறகு மெதுவாக மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டான்.

துரை கைக்குட்டையால் மணிக்கட்டைத் துடைத்தார். "நாளைக்கிப் பெரட்டுக்கு வா கங்காணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறிப் போனார். பெண்கள் முக்காலியைப் போட்டுக் கங்காணியை இறக்கினார்கள். கால் மரத்திருந்ததால் அவர் அவர்கள் கையிலேயே சரிந்தார். அப்போதுதான் அழகர் தலையில் கட்டையும் தோளில் கயிறுமாக வந்து சேர்ந்தான். தச்சன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்றான்.

பொழுது சாய்வதற்குள் லயங்கள் முழுவதும் ஒரே பேச்சு: தொர கங்காணி காலப் புடிச்சாராம். பெரகலக் கடைகளுக்குப் போய்ச் சேரும்போது, தோட்டத்தை விட்டுப் போகாதே என்று துரை காலைப் பிடித்துக் கெஞ்சியதாக ஆகியிருந்தது. கொஸ்லந்தையில் துரை அழுததாகவும் சொன்னார்கள். கங்காணி மட்டும் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு, மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று புரண்டார். வேலை போனால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? காரில் போகலாம். கார் இப்போது உதறாது. அதுகூட ஆறுதலாக இல்லை.

மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒரு ஆள்கூட வராமல் இல்லை. காய்ச்சலில் கிடந்தவர்களும் வந்திருந்தார்கள். கங்காணி தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். துரை வந்தார். எந்த மலைக்கு எத்தனை பேர் என்று எப்போதும்போல் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில், "ஏற்றத்துல பன்னண்டு பேரு" என்றார். ஏற்றமலை என்று சொல்ல வந்தது அது. மேல் பக்கத்துச் சரிவுக்கு அதுதான் பெயர். வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்துவிட்டான்.

"யாரு சிரிச்சது?"

சிரித்தவன் யார் என்று கங்காணிக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தார். சொல்லுக்குப் பதிலாக அவர் வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"சிரிப்பு இல்லீங்க தொர. இருமல்" என்று சொல்லி இருமினார்.

உடனே வரிசை முழுவதும் இருமியது. முன் வரிசை இருமி ஓய்ந்ததும் பின் வரிசை தொடங்கியது. பாக்கியலெட்சுமி கண்ணில் நீர் வர இருமினாள். துரை கையைக் கட்டிக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் கங்காணிக்குப் பயமாக இருந்தது.

"இருமல். ரொம்ப மோசம்" என்றார் துரை. தோட்டத்து மருந்துக்காரரைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் வெளக்கெண்ணெ. ஒரு ஆளும் பாக்கி இல்லே. கங்காணிக்கு மொதல்ல. பெரிய ஆளு, பெரிய கரண்டி."

கங்காணி குடித்தார். வரிசையும் குடித்தது. அன்றைக்கு மலையில் கொழுந்து எடுத்தவர்களைவிடச் செடி மறைவில் குந்தியிருந்தவர்களே அதிகம். கங்காணியும் ஒரு செடி மறைவில் குந்தினார். அடுத்த செடி மறைவில் அழகர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாணி வாய்க்காலைத் திருப்பும் வேலை அன்று நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் நடந்தது.

மத்தியானம் மடுவத்துக்குத் துரை வந்தபோது கூடைகளில் கொழுந்து அடிமட்டத்தில் கிடந்தது. ஃபேக்டரியில் அன்று அரைப்பதற்கு இலை இருக்காது என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தராசைப் பார்த்தார். காலிக் கூடைகளைப் பார்த்தார். வெளிறிப்போய் நின்ற கங்காணியைப் பார்த்தார்.

"இருமல் எப்படி, கங்காணி?"

"நின்னுருச்சுங்க தொர."

"அது ஒண்ணுதான் நின்னுச்சு" என்று பின்னாலிருந்து பாக்கியலெட்சுமி சொன்னாள். துரை சட்டென்று திரும்பிக் குதிரையிடம் போனார். அவர் தோளும் குலுங்கியதைக் கங்காணி பார்த்தார். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் அருகிலிருந்த தேயிலைச் செடிகளை நோக்கி ஓடினார்.